இரண்டு முறை புறப்பட்ட படகு

லெனர்ட் கேட்ச்போலின் முகத்தில் கரி பூச வேண்டும் என்ற யோசனை அட்லஸ் கொட்டகை மேனேஜர் மிஸ்டர் பெட்டிஃபருக்குத்தான் வந்தது. கமாண்டோ படம் ஒரு வாரம் ஓடப்போகிறது. வாசலில் நிற்கிற ஆள் நிஜமாகவே கமாண்டோவாக இருந்தவன். இதை விட்டுவிட்டால் தலைமை அலுவலகம் தன்னைப் பற்றி என்ன நினைக்கும் என்று மனுஷன் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குழம்பியிருக்கிறார்.

"ஒரு தக்கைய மெழுகுவத்தியில கருக்கி லேசா தேய்ச்சுக்கிட்டா போதும், லென். தலைக்குக் கம்பளிக் குல்லா. நெஞ்சுல மெடல்."

"மெடல் குத்திக்கிட்டு யாரும் சண்டைக்குப் போனதில்ல, சார்."

"ஜனங்களுக்கு அதெல்லாம் தெரியவா போகுது?"

"நம்ம ஊர்ல தெரியும், சார். பாதிப் பேர் கடற்படை."

பெட்டிஃபர் கேட்கிற ஆளா? 1955 மார்ச் மாதத்துத் திங்கட்கிழமை, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் எங்கள் லோஸ்டாஃப்ட் ஊரே பார்க்க, முப்பத்தெட்டு வயது லென் முகத்தில் கரியோடு அட்லஸ் வாசலில் நின்றான். முன்கூடத்தில் மணல் மூட்டைகள். எங்கிருந்தோ இரவல் வாங்கிய ரப்பர் படகு ஒன்று, அதன்மேல் சுருட்டி வைத்த கயிறு. மீன் சந்தையிலிருந்து வந்தவர்கள் சும்மா விடவில்லை. "என்ன லென், பொண்டாட்டி அடுப்புக்குள்ள தள்ளிட்டாளா?" என்று ஒருவர். "ஜெர்மன்காரன் பால்கனியிலதான் உக்காந்திருக்கான், போய்ப் புடிச்சிட்டு வா" என்று இன்னொருவர். லென் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுக் கதவைத் திறந்துவிட்டான். அதுதான் அவன் வேலை.

அவனுடைய அப்பா ஹெர்ரிங் மீனுக்குப் பீப்பாய் செய்தவர். லென் கசாப்புக் கடையில் தொழில் பழகினான். போர் வந்தது, பட்டாளத்தில் சேர்ந்தான். கமாண்டோவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றபோது அவனும் அதே தெருவைச் சேர்ந்த பெர்சி அட்டிங்கும் கையைத் தூக்கியதற்குக் காரணம் வீரம் என்று எங்கள் ஊரில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். வீரமாவது ஒன்றாவது. கமாண்டோக்களுக்கு முகாம் கிடையாது, ஏதாவது ஒரு வீட்டில் வாடகைக்குத் தங்கலாம், வீட்டுக்காரி சமைத்துப் போடுவாள் என்று யாரோ சொன்னார்கள். முகாம் சோற்றில் நொந்துபோயிருந்த இரண்டு பேரும் அதற்காகவே போனார்கள். திரும்பி வந்தது லென் மட்டும்.

வந்தவன் மீன் டப்பா அடைக்கும் ஆலையில் கொஞ்ச நாள் இருந்தான். பேருந்து நடத்துநராக ஒரு வருஷத்தை ஓட்டினான். பிறகு அட்லஸ் வாசல். கருஞ்சிவப்புக் கோட்டு, தோளில் தங்கச் சரிகை, தொப்பியிலும் சரிகை. கடற்படைத் தளபதிகூட அவ்வளவு ஜொலிக்க மாட்டார். கோட்டைப் பார்ப்பவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. லென்னுக்கு அது வசதியாக இருந்தது, ஒன்பது வருஷம் அங்கேயே நின்றுவிட்டான்.

திங்கட்கிழமை முதல் காட்சியைக் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று அவனும் பார்த்தான். படம் படு மோசம். இதைச் சொல்ல எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், நானும் அந்த வாரம் உட்கார்ந்து பார்த்தவன்தான். குளியல் தொட்டியில் மிதக்கவிட்டதுபோல் கப்பல்கள். ஒரு அதிகாரிக்கும் கடற்படைப் பெண்ணுக்கும் காதல், அதற்கு மூன்று நடனக் காட்சி. ஜெர்மானியர்கள் எல்லோரும் தங்களுக்குள்ளேயே இங்கிலீஷில் தொண்டையைக் காறிக்கொண்டு பேசுகிறார்கள். சாதாரணச் சிப்பாய்கள் என்றால் தேநீர் குடிப்பார்கள், ஜோக் அடிப்பார்கள், செத்துப் போவார்கள். இவ்வளவு பேர் ஆசையோடு காத்திருந்த படம் இது.

அதைவிட ஒரு கஞ்சத்தனம். கதையில் படகு இரண்டு முறை புறப்படுகிறது. முதலில் எட்டே பேர், கரையில் இருக்கும் பீரங்கிகளை வேவு பார்த்து வர. இரண்டாவது, அந்தப் பீரங்கிகளைத் தகர்க்கப் பெரும்படை. இரண்டுக்கும் ஒரே துண்டுப் படத்தையே ஒட்டியிருந்தார்கள். அதே மங்கிய வெளிச்சம், அதே துறைமுகச் சுவர், அதே மூக்கு நீண்ட ஆள் கயிற்றை அவிழ்க்கிறான், அதே கடற்பறவை குறுக்கே போகிறது.

லென் அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. அந்த எட்டுப் பேரில் அவனும் பெர்சியும் இருந்தார்கள். 1942 ஏப்ரலில் ஃபிரெஞ்சுக் கரையில் நடந்த அந்தச் சின்ன வேலையைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை. அதைத்தான் இந்தப் படம் பதினெட்டு நிமிஷத்துக்குக் காட்டியது. பாறை மேல் ஒருவனுக்குத் தொடையில் குண்டு படுகிறது. அவனைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது. துப்பாக்கியோடு அவனை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் இறங்கிப் போகிறார்கள். படத்தில் அவன் ஒரு லெப்டினன்ட், தலை கலையாமல் படுத்துக்கொண்டு தன் வீட்டு ரோஜாத் தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறான். இருந்தாலும் நடந்தது அதுதான். படத்தின் தொடக்கத்திலேயே, 'அந்தத் தாக்குதலில் பங்கெடுத்தவர்களிடம் கேட்டறிந்தது' என்று கொட்டை எழுத்தில் வேறு போட்டிருந்தார்கள்.

பெர்சியின் அம்மாவிடம் லென் சொல்லியிருந்தது வேறு கதை. நெற்றியில் குண்டு, அந்த நொடியே உயிர் போயிற்று, ஒன்றும் தெரிந்திருக்காது என்று சொல்லியிருந்தான். கேப்டனும் அதையேதான் கடிதத்தில் எழுதினார். படகில் திரும்பி வரும்போதே ஏழு பேரும் பேசி வைத்துக்கொண்டது அது. பிள்ளையை இழந்த தாய்க்கு அன்றைக்கு எல்லோரும் எழுதியது அந்த ஒரே வாசகம்தான். மிஸஸ் அட்டிங் அதைக் கேட்டாள், நன்றி சொன்னாள், அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. லென் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் அவளுக்குக் கரி அள்ளிப் போடுவான், செடிவேலியை வெட்டுவான், தேநீர் குடிப்பான். பதிமூன்று வருஷத்தில் இரண்டு பேரும் பேசியதெல்லாம் வானிலையும் முட்டைக்கோசும்தான்.

அவள் ஒவ்வொரு புதன்கிழமையும் அட்லஸுக்கு வருவாள். எந்தப் படமானாலும் வருவாள்.

திங்கள் இரவு அவன் மனைவி ஈனிட் சட்டியில் மீனைப் புரட்டிக்கொண்டே விஷயத்தைக் கேட்டாள். ஆலையில் பட்டாணி டப்பாக்களோடு மல்லுக்கட்டுகிறவள், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"நாளைக்கே போய்ச் சொல்லிடு."

"என்னன்னு சொல்ல? உங்க பையன் உசுரோட இருக்கும்போதே விட்டுட்டு ஓடி வந்தேன்னா?"

"நீயா விட்ட? கேப்டன் சொன்னாரு, வந்த. அடிபட்டவன அங்கேயே விடணும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பேசினதுதான? பெர்சியுந்தான தலையாட்டினான்?"

"ஆட்டினான்."

"அப்புறம் என்ன?"

"இத்தனை வருஷமா பொய் சொன்னது?"

ஈனிட் மீனைத் தட்டில் போட்டாள். "அது உன் பாடு. ஆனா அந்தப் படம் சொல்லி அவங்களுக்குத் தெரியக் கூடாது, லென். அது அசிங்கம்."

அவள் சொன்னது சரிதான். செவ்வாய்க்கிழமை மிஸஸ் அட்டிங் வீட்டு வாசல்வரை போனான். கதவைத் தட்டக் கை வரவில்லை, திரும்பிவிட்டான். பீரங்கிக்கு எதிரில் போனவனால் ஒரு கிழவியின் கதவைத் தட்ட முடியவில்லை.

அன்று மாலைதான் ஐவி ஸ்பால் அந்த விஷயத்தைச் சொன்னாள். ஐவி டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு இருக்கை காட்டுகிறவள். ஐம்பது வயது, வாய் நீளம்.

"இந்தப் படத்துல ஒரு கூத்து பாத்தியா, லென்? ரெண்டு மணிக்கு உள்ள வர்றவங்க எல்லாரும் பாதியிலயே எந்திரிச்சுப் போயிடறாங்க!"

அந்த நாளில் படத்தை ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. பகல் ஒன்றே காலுக்குத் தொடங்கினால் இரவுவரை மாற்றி மாற்றி ஓடிக்கொண்டே இருக்கும். பேருந்து வந்த நேரத்துக்கு நாம் நுழைவோம். முடிவைப் பார்ப்போம், செய்திப் படம் பார்ப்போம், துணைப் படம் பார்ப்போம், பிறகு ஆரம்பத்தைப் பார்ப்போம். நாம் நுழைந்த இடம் வந்ததும் 'இங்கதான் வந்தோம்' என்று எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவோம். அதில் யாருக்கும் குறை தெரிந்ததில்லை.

இரண்டு மணிக்கு வந்தவர்கள் நுழைந்தது, இரண்டாவது முறை படகு புறப்படும்போது. சுற்றி வந்து நாலரை மணி வாக்கில் முதல் முறை படகு புறப்படுகிறது. அதே சுவர், அதே மூக்கு, அதே பறவை. நாம் வந்த இடம் வந்துவிட்டது என்று வரிசை வரிசையாக எழுந்துவிடுகிறார்கள். நடுவிலிருக்கும் பதினெட்டு நிமிஷத்தை அவர்கள் பார்ப்பதே இல்லை. பார்க்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியவும் தெரியாது, அந்தப் படத்தின் கதையில் அதற்கு அவ்வளவுதான் மரியாதை.

லென் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினான். மிஸஸ் அட்டிங் புதன்கிழமைகளில் வருவது இரண்டு மணிப் பேருந்தில்தான். படமே அவனைக் காப்பாற்றிவிடும்.

புதன்கிழமை அவள் ஒன்று முப்பத்தைந்துக்கே வந்து நின்றாள்.

"இன்னிக்கு ஆரம்பத்துலேருந்து பாக்கலாம்னு முன்னாடி வண்டியப் புடிச்சேன், லென். அதுவும் லேட்டா வந்து கழுத்தறுத்துருச்சு" என்றாள். அறுபத்தெட்டு வயது, குட்டையான உருவம், நல்ல கோட்டையும் நல்ல தொப்பியையும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். "இது என்ன கோலம்?"

"மேனேஜர் யோசனை, மிஸஸ் அட்டிங்."

"அவருக்குப் பூச வேண்டியதுதான?"

இன்னும் ஐந்து நிமிஷத்தில் முதல் படகு புறப்படும். இப்போது உள்ளே போனால் எல்லாவற்றையும் பார்த்துவிடுவாள்.

"படம் ஒண்ணும் சுகமில்ல, மிஸஸ் அட்டிங். காசுக்குப் புடிச்ச தண்டம். அடுத்த வாரம் பாட்டுப் படம் ஒண்ணு வருது."

"வந்தாச்சு. பாத்துட்டே போறேன்."

"அப்போ இந்தப் படகப் பாத்தீங்களா?" என்றான்.

பிறகு அவன் பேசினான். வாழ்நாளில் அவ்வளவு பேசியதில்லை. ரப்பர் படகில் எத்தனை பேர் உட்காரலாம், துடுப்பை எப்படிச் சத்தமில்லாமல் போடுவது, கயிற்றில் எந்த முடிச்சு, மணல் மூட்டையில் இருப்பது தெற்குக் கடற்கரை மணல், அதை அள்ளும்போது நகராட்சி ஆள் வந்து சண்டை போட்டது, எல்லாம் சொன்னான். மிஸஸ் அட்டிங் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் முடிச்சைப் பற்றிச் சொன்னபோது தலையை ஆட்டினாள். கதவுக்கு மேல் இருந்த கடிகாரத்தில் இரண்டு மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. லென் பேச்சை நிறுத்தினான்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

"அவ்வளவுதான், மிஸஸ் அட்டிங்."

"சரி" என்றாள். ஐவி டார்ச்சோடு வந்து அவளை உள்ளே அழைத்துப் போனாள்.

அன்று மதியம் லென் கதவைத் திறந்தான், மூடினான், மழையில் வந்த பெண்மணி ஒருத்தியின் குடையை வாங்கி உதறி வைத்தான், பெட்டிஃபர் கேட்டதற்கெல்லாம் 'ஆமாம் சார்' என்றான். செய்தது கேவலம் என்று அவனுக்குத் தெரியும். அதைவிட, அது பலித்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தான்.

நாலு முப்பத்தைந்துக்குக் கதவு திறந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார்கள். கடைசியாக மிஸஸ் அட்டிங்.

"நான் வந்த இடம் வந்துருச்சு" என்றாள்.

லென்னுக்குத் தப்பித்தோம் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது, அதை மறைப்பதற்கில்லை. வெளிக்கதவைத் திறந்து பிடித்தான். "மழை விட்டுருச்சு, மிஸஸ் அட்டிங். பஸ்ஸுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

அவள் வெளியே போகவில்லை. மணல் மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"நீ சொன்னது சரிதான். ஒண்ணும் இல்லாத படம். ஒரே டான்ஸு. பெர்சி மாதிரி ஒரு பையன்கூட அதுல இல்ல."

"ஆமா, மிஸஸ் அட்டிங்."

"ஏதாவது இருக்கும்னு வந்தேன். எந்த மாதிரி எடத்துல நின்னான், பாறை எவ்வளவு உசரம், எதையாவது காட்டுவாங்கன்னு நெனச்சேன்." கைப்பையின் கொக்கியைத் திறந்து மறுபடி மூடினாள். "மதியானம் நீ பேசினியே, லென். இருவது நிமிஷம் இருக்கும். பதிமூணு வருஷத்துல நீ அவ்வளவு பேசினதில்ல. படகு, கயிறுன்னு ஆரம்பிச்சதும் எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. கடைசில சொல்லப் போறான்னு நெனச்சேன். படம் போனாப் போகட்டும்னுதான் அங்கேயே நின்னேன். நீ மணல் மூட்டையப் பத்திப் பேசிட்டு நிறுத்திட்ட."

லென் பிடித்திருந்த கதவை விட்டான். அது தானாக மூடிக்கொண்டது.

"நெத்தியில குண்டுன்னு சொன்ன. நான் நம்பலன்னு உனக்குத் தெரியுமா? எங்க அக்கா பையனுக்கும் நெத்தியில குண்டுதான். எதிர் வீட்டு ஹில்டா புருஷனுக்கும் நெத்திதான். ஜெர்மன்காரன் எல்லாரும் அவ்வளவு குறி பாத்தா சுட்டான்?"

"ஒரு துண்டு நீங்க பாக்கல, மிஸஸ் அட்டிங்" என்றான் லென். "படத்துல படகு ரெண்டு வாட்டி கிளம்பும். நடுவுல பதினெட்டு நிமிஷம் இருக்கு. நீங்க அதப் பாக்கக் கூடாதுன்னுதான் உங்கள நிறுத்திப் பேசினேன்."

அவள் அவனையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். "இப்போ ஓடிக்கிட்டு இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓடுது. போய்ப் பாக்கணும்னா கூட்டிட்டுப் போறேன். ஆனா அது பெர்சி இல்ல. ரோஜாப்பூவப் பத்திப் பேசுறான்."

"நீ சொல்லு."

அவன் சொன்னான். பாறை எண்பது அடி. இறங்கும் கயிற்றுக்கு முப்பது கஜம் இருக்கும்போது பெர்சிக்குத் தொடையில் பட்டது, எலும்பு போய்விட்டது. கேப்டன் அவனை ஒரு கல்லுக்குப் பின்னால் இழுத்துப் போட்டு, இயந்திரத் துப்பாக்கியை அவனிடம் கொடுத்தார். தோட்டாப் பெட்டிகளைச் சுமப்பது லென்னின் வேலை. ஆறு பெட்டி மிச்சம் இருந்தது. ஆறையும் பெர்சியின் வலது பக்கம் அடுக்கி வைத்தான்.

"ஏதாவது பேசினானா?"

"பேசினான்."

"என்ன?"

"வேண்டாம், மிஸஸ் அட்டிங். நல்ல வார்த்தை இல்ல."

"லென்."

"'இடது பக்கம் வையிடா, அறிவு கெட்டவனே! ரெண்டு வருஷமா கூடவே சுத்துற, நான் இடது கைக்காரன்னு இன்னும் உன் மரமண்டையில ஏறலியா? மாத்தி வெச்சிட்டுத் தொலைஞ்சு போ'ன்னான். இன்னொரு வார்த்தையும் சொன்னான், அத உங்ககிட்ட சொல்ல முடியாது. நான் மாத்தி வெச்சேன். ஓடினேன். திரும்பிப் பாக்கல."

மிஸஸ் அட்டிங்கின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. லென் பயந்துபோனான். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், துடைத்தும் நிற்கவில்லை.

"பள்ளிக்கூடத்துல அந்தக் கைய முதுகுக்குப் பின்னால கட்டிப் போட்டாங்க" என்றாள். "அவிழ்த்துட்டு மறுபடி அதே கையாலதான் எழுதுவான். அவனேதான். அது அவனேதான், லென்."

லென் மணல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். கண்ணீர் கரியோடு சேர்ந்து கழுத்துவரை இறங்கியது, அவன் துடைக்கவில்லை. பெட்டிஃபர் அலுவலக அறையிலிருந்து தலையை நீட்டி, "லென், வாசல்ல வரிசை நிக்குது!" என்றார். லென்னிடமிருந்து 'ஆமாம் சார்' வரவில்லை. ஐவி போய்க் கதவைத் திறந்தாள்.

"அப்புறம் எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள் மிஸஸ் அட்டிங்.

"நாங்க கயிறு இறங்கி, படகுல ஏறி, கரைய விட்டுத் தள்ளிப் போறவரைக்கும் அவன் துப்பாக்கி கேட்டுச்சு. ஒவ்வொரு பெட்டியா எண்ணினேன். ஆறும் தீந்துச்சு. கேப்டன் கடிகாரத்தப் பாத்துக்கிட்டே இருந்தாரு. பதினோரு நிமிஷம்னாரு. அப்புறம் அதப் பத்தி யாரும் பேசல."

அவள் பேசியபோது குரலில் கோபம் இல்லை, அதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"நான் அவன இருவத்திமூணு வருஷம் வெச்சிருந்தேன். ஒவ்வொரு நாளும் எனக்குத் தெரியும். கடைசிப் பதினோரு நிமிஷத்த மட்டும் நீ எடுத்து வெச்சுக்கிட்ட. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அத உள்ள வெச்சுக்கிட்டே என் வீட்டுல உக்காந்து டீ குடிச்சிருக்க."

"உங்களுக்கு வலிக்குமேன்னு..."

"வலிக்கத்தான் செய்யும். அவன் என் புள்ள."

லென் தலை குனிந்தான். தெருவில் பேருந்து வந்து நின்ற சத்தம் கேட்டது, நடத்துநர் மணி அடித்தார், அது கிளம்பியது. மிஸஸ் அட்டிங் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கோட்டை ஒதுக்கிக்கொண்டு பக்கத்து மூட்டையில் மெல்ல உட்கார்ந்தாள்.

"மொதல் பெட்டி" என்றாள். "மொதல் பெட்டி தீரும்போது நீ எங்க இருந்த?"

"கயித்துல, மிஸஸ் அட்டிங். பாதியில."

"ரெண்டாவது?"

அவன் சொல்லத் தொடங்கினான். அன்று அவள் இன்னும் இரண்டு பேருந்தை விட்டாள்.